அக்கரைப் பிள்ளை

ஆற்றின் நடுவே எல்லை ஓடியது. இரு கரைப் பிள்ளைகளும் சேர்ந்து வரையும் விழாவுக்காகப் பாலத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். இடப்பாதி லிடியாவுக்கு, வலப்பாதி எதிர்க்கரையிலிருந்து வந்த சுபினுக்கு. அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்த ஆற்றை அவரவர் வரைந்தார்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், துணியின் நடுவில் இரண்டு ஆறுகளும் முட்டிக்கொண்டு நின்றன.

“தப்பா வரைஞ்சிட்டே. ஆறு வலப்பக்கமாத்தான் ஓடும்,” என்றாள் லிடியா.

“எங்க வாசல்ல இடப்பக்கமாத்தான் ஓடுது. அக்கரையில இருக்கிற உனக்கு என்ன தெரியும்?”

“யாரு அக்கரை? நீதான் அக்கரை!”

துணியையே அவிழ்த்து எறிந்துவிடும் கோபத்தில் அதன் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சாயம் மறுபக்கம் ஊறியிருந்தது. சுபினின் ஆறு, அவள் வாசலில் ஓடுவதைப் போலவே ஓடிக்கொண்டிருந்தது.

“டேய், இங்க வந்து பாரேன்!”

விழாவைப் பார்க்க விருந்தினர் ஒருவர் வந்தபோது வரைந்தவர்களைக் காணவில்லை. துணிக்குக் கீழே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன, நான்கிலும் நீலச் சாயம்.

“இதுல அக்கரைப் பிள்ளை யாரு?” என்று அந்தக் கால்களைப் பார்த்துக் கேட்டார் அவர்.

“நான்தான்!” என்றன துணிக்குப் பின்னாலிருந்து இரண்டு குரல்கள்.