எல்லாத்துலயும் ரெண்டு

பத்து நிமிடத்தில் சோதனையைப் பார்க்க மேலாளர் வந்துவிடுவார். பொறியாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு சர்வர்ங்க. முதல் சர்வர்ல என்ன பதிவானாலும் அடுத்த நொடியே ரெண்டாவதுலயும் பதிவாயிடும்."

வேலைக்கு வந்தவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். "முதல் சர்வர் மண்டையைப் போட்டா?"

"ரெண்டாவது தானாவே பொறுப்பை எடுத்துக்கும். வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"கரண்ட் போனா?"

"அதுக்கும் ரெண்டு லைன்."

"இன்டர்நெட்?"

"அதுவும் ரெண்டு கம்பெனி. எதுலயும் ஒத்தை ஒண்ணை நம்பி இருக்கக் கூடாதுங்க. ஆறு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டுச் செஞ்ச ஏற்பாடு!" பொறியாளர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பிரமாதம்" என்றபடி வந்தவர் நிமிர்ந்தார். கையிலிருந்த வளைந்த கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு, சர்வர் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு அது. காலையில் பொறியாளர் உள்ளேயே மறந்து வைத்துவிட்டு வந்த ஒரே சாவி, இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் சமர்த்தாகக் கிடந்தது.

பூட்டுக்காரர் அதை எடுத்து நீட்டினார்.

"இதுக்கும் இன்னொண்ணு போட்டுத் தரட்டுமா, சார்?"