மண் கலயம் ஒன்று

ஆறுகள் கூடும் கூடுதுறைக்குள் கொண்டுபோகும் எதையும் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும். காலையில் சோதனைச்சாவடியில் மாரப்பனின் பொருள்களை எடைபோட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டார்கள். சோற்றுத் தூக்கு ஒன்று, தண்ணீர்ச் செம்பு ஒன்று, துண்டு இரண்டு, மண் கலயம் ஒன்று. கலயத்துக்குள் இருந்த மகள் நித்திலாவின் அஸ்தியை மட்டும் எழுதவில்லை. நீரில் கரைவது குப்பையில்லையாம்.

மதியம் அவர் வெளியேற வந்தபோது, காவலுக்கு இருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள்.

“ஏனுங்கய்யா, கலயம் எங்கீங்க?”

“அஸ்தியக் கரைச்சுட்டு, தோளுக்குப் பின்னால போட்டு உடைச்சுட்டனுங்க.”

“ஓடு கரையாதுங்களே. பொறுக்கிட்டு வந்தாத்தான் கதவு தெறக்குமுங்க.”

“திரும்பிப் பாக்காம வந்துட்டன் சாமி. பாத்தா புள்ள போகமாட்டா.”

அவள் பட்டியலை மடித்தாள். “எங்கப்பனுக்கு நானும் போய்ப் பொறுக்குனனுங்க” என்றாள்.

மாரப்பன் திரும்பி நடந்தார். முழங்கால் தண்ணீரில் குனிந்து தடவித் தடவி ஒன்பது ஓடுகளை எடுத்தார். ஒன்றின் உள்பக்கம் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. அதை அவர் கழுவவில்லை.

எல்லாவற்றையும் தராசில் வைத்ததும் கதவு திறந்தது. “நீங்கள் எதையும் விட்டுச் செல்லவில்லை. மிக்க நன்றி” என்றது கதவிலிருந்து ஓர் இனிமையான பதிவுக் குரல்.

ஓடுகளைத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தாகிவிட்டதே, இனி என்ன? ஆறு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.