பாதியில் நின்ற அப்கிரேடு

"இந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கிறது என்ன, கருங்கல்லா?" என்றார் கேஷியர்.

கேபினுக்குள் இருக்கும் மேனேஜருக்குக் கேட்காத அளவுக்குத்தான் சொன்னார். அந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் மற்ற எல்லாருக்கும் கேட்டது.

கிளெய்ம் செக்‌ஷன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சீட்டுக்குத் திரும்பினார். மகளுக்கு விடியற்காலையிலேயே இடுப்பு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. தலைப்பிரசவம். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவர், இப்போது நடுக்கடலில் இருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, லீவு கேட்கத்தான் அக்கா ஆபீஸுக்கு ஓடி வந்தார்.

"இந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது. ஹெட் ஆபீஸ் ஆர்டர். நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. போய் சீட்ல உட்காருங்க."

சற்று முன் மேனேஜர் இப்படிக் கத்தியதில் கேபின் கண்ணாடியே அதிர்ந்திருந்தது. அவருக்கு ஆபீஸ் வைத்திருக்கும் பெயர் 'சைரன்'.

"நான் மட்டும் அந்த சீட்ல இருந்திருந்தா, நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே டாக்ஸி பிடிச்சு அனுப்பியிருப்பேன் அக்கா" என்றார் கேஷியர்.

அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் எல்லா மெஷினிலும் புது வெர்ஷன் ஏற்றச் சொல்லி ஹெட் ஆபீஸ் உத்தரவு போட்டிருந்தது. மற்ற மெஷின்களில் எல்லாம் ஏறிவிட்டது. அக்காவுடையது மட்டும் பாதியில் நின்றுகொண்டிருந்தது. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை.

பயந்துகொண்டே கேபினுக்குள் போய்ச் சொன்னார். மறுபடியும் சைரன்.

டெக்னீஷியன் வந்தார். அதிகம் பேசாத இளைஞர். மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். முன்னால் மறைத்துக்கொண்டிருந்த விண்டோவைத் தள்ளிவிட்டு அதன் பின்னால் எட்டிப் பார்த்தார். எழுந்து நேராக மேனேஜரின் கேபினுக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வந்தவரிடம், "என்ன தம்பி ஆச்சு?" என்றார் கேஷியர்.

"அப்கிரேடுல ஒரு பேக்கேஜ் பாதியில நிக்குது சார். அது முடிஞ்சாத்தான் அடுத்தது உள்ள வரும். நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"அது மெஷின் கையில இருக்கு சார்."

பின்னாலேயே மேனேஜர் வந்தார். "மெஷினே ஓடலை, இங்க உட்கார்ந்து யார் முகத்தைப் பார்க்கப் போறீங்க? சிஸ்டம் ரிப்பேர்னு ஹெட் ஆபீஸுக்குச் சொல்லிடறேன். ரெடியானதும் கூப்பிடுவாங்க, உடனே வந்து நிக்கணும். கிளம்புங்க, கிளம்புங்க."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மனுஷிக்கு வலி என்றால் லீவு கிடையாது, மெஷினுக்கு வலி என்றால் உண்டு. ஹெட் ஆபீஸ் விதி அப்படி.

"நல்லபடியா நடக்கும் அக்கா, நிதானமா வாங்க" என்று கேஷியர் வாசல் வரை போய்க் கையசைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், அக்காவின் கவுன்டரில் நின்றவர்கள் எல்லாம் அவருடைய கவுன்டருக்கு நகர்ந்திருந்தார்கள்.

வரிசை நீள நீள, கேஷியரின் இரக்கம் குட்டையாகிக்கொண்டே வந்தது.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் டெக்னீஷியனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இளைஞர் டீ குடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரே ஒரு கேள்வி. பழைய செட்டிங்கையே வைத்துக்கொள்ளலாமா, 'Y'யா, 'N'ஆ? பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அது சும்மா கேள்விதானே கேட்குது?"

"ஆமா சார்."

"என் மெஷின்லயும் இதே கேள்வி வந்துச்சு. ஒரு கீயைத் தட்டினேன், அது பாட்டுக்கு மேல ஓடிடுச்சு."

"தட்டலாம் சார். யோசிச்சுத் தட்டணும்."

"காலையிலேர்ந்து இதைத்தான் யோசிக்கிறீங்களா?"

"அவசரப்பட்டா சில விஷயம் கெட்டுடும் சார்" என்று சொல்லிவிட்டு இளைஞர் டீயை உறிஞ்சினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. கேஷியரின் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் கிடந்தது. வரிசை வாசற்படியைத் தொட்டது.

"அவங்க வீட்டுப் பிரசவத்துக்கு இங்க நான் இடுப்பு வலியோட உட்காரணுமா?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பொரிந்துவிட்டு, கேஷியர் விறுவிறுவென்று கேபினுக்குள் போனார்.

"சார், அந்தத் தம்பி நம்மளை ஏமாத்திக்கிட்டு இருக்கான். அங்க ரிப்பேரே இல்லை. ஒரே ஒரு கீயைத் தட்டினா அப்கிரேடு முடிஞ்சுடும். தட்டச் சொல்லிட்டு அந்தம்மாவை வரவழைங்க சார். அவங்க வேலைக்கு நான் எத்தனை நேரம்தான் மாரடிக்கிறது?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும். காலையிலேயே சொல்லிட்டார்."

சைரன் இவ்வளவு மெதுவாகப் பேசி கேஷியர் கேட்டதில்லை.

மேஜை மேல் போன் அடித்தது. மேனேஜர் பாய்ந்து எடுத்தார்.

"சொல்லுங்கம்மா... அப்படியா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? ... வேண்டாம், வேண்டாம், நீங்க வர வேண்டாம். இங்க மெஷின் இன்னும் சரியாகலை. அங்கேயே இருங்க."

போனை வைத்தார். கேஷியரைத் தாண்டிப் போய்க் கேபின் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"தம்பி, பேத்தி பிறந்திருக்கா. ஆபீஸ் மூடுற வரைக்கும் அந்தக் கீ பக்கமே கையைக் கொண்டுபோயிடாதீங்க."