இரண்டடி பின்னால்

ஞாயிறு மதியம், ஹோபார்ட் நகரக் காதுகேளாதோர் மன்றத்தில் தேநீர் ஆறிக் கிடக்கிறது. பதினோரு பேரும் தொலைக்காட்சியையே பார்க்கிறோம். பழைய தொடர் ஒன்றை மறுபடி போடுகிறார்கள். அதில் காதுகேளாத பணிப்பெண்ணாக நடித்த லோர்னா, கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். போன ஐந்து வாரமும் அவள் கைகள் பேசத் தொடங்கியதுமே காமிரா முகத்துக்குப் போய்விட்டது. கண்ணீர் தெரிந்தது, பேச்சு தெரியவில்லை. "இன்னைக்கும் உன் கையை வெட்டிடுவானுங்க பாரு," என்று க்ளைவ் விரல்களால் சீண்டுகிறான். "உன் கையை முதல்ல மடக்குடா," என்று கைகளை வெளியே உருவிச் சொல்கிறாள் லோர்னா. திரையில் எஜமானி வெள்ளிக் கரண்டியை நீட்டி, "திருடி" என்கிறாள். பணிப்பெண்ணின் கைகள் எழுகின்றன. நெருங்கி வரவேண்டிய காமிரா இரண்டடி பின்னால் போகிறது. முழங்கை, மணிக்கட்டு, பத்து விரல்களும் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிகின்றன. "நான் எடுக்கல. இந்த வீட்டுல ஒருத்தரும் என்கிட்டக் கேக்கவே இல்ல," என்கின்றன அந்தக் கைகள். க்ளைவின் பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுகிறது, அவன் பார்க்கவில்லை. "அது அவங்க எழுதிக் குடுத்ததில்ல," என்கிறாள் லோர்னா. "நானா சொன்னது. அந்தக் காமிராக்காரருக்கு நம்ம கைப்பேச்சு புரிஞ்சிருக்காது. ஆனா நான் முடிக்கிற வரைக்கும் நின்னிருக்காரு." கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துபோய் அவர் பெயரைத் தேடுகிறோம், அதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. லோர்னா இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலக்கையின் இரண்டு விரல்களை மெல்லப் பின்னோக்கி நடக்கவிடுகிறாள். "இனி அவருக்கு இதுதான் பேரு." காதுகேளாத நாங்கள் எங்களுக்குள் மட்டுமே வைத்துக்கொள்ளும் விரல்பெயர் அது, வெளியாளுக்கு எளிதில் தருவதில்லை. பதினோரு உள்ளங்கைகளிலும் அந்த மனிதர் இரண்டடி பின்னால் நடக்கிறார்.