இருபத்து நாலு மணி நேரம் மடிக்கக் கூடாது

சாமிநாதன் காரின் துணிக்கூரைக்கு இரண்டாவது தடவை மருந்தடித்துக்கொண்டிருந்தபோது சுபத்ரா வந்து நின்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பெண் நடந்து வருகிற வழக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடையாது.

அதற்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். திரிங்காப் பூந்தோட்டத்தில் மாலைக்குச் சொல்லிவைத்த செவ்வந்தியை எடுக்கத் தம்பி தர்மாவோடு வேனில் வந்தாளாம். பூவை எண்ணிக் கட்டுகிறவரை சும்மா நிற்பானேன் என்று லோரிக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாளாம்.

கொட்டகையில், சாமிநாதன் தினமும் முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்குப் பக்கத்தில், அந்தச் சிவப்புக் கார் நின்றது. கூரை முழுக்கத் துணி. பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலாளி ஆசையாக வாங்கியது. இந்த மலையின் மழைக்குப் பயந்து ஒருநாளும் திறந்ததில்லை. தையல் ஓரமெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

மாப்பிள்ளை அழைப்புக்கு எடுத்துக்கொள் என்று முதலாளி சாவியை நீட்டியபோது சாமிநாதனுக்கு மறுக்க வாய் வரவில்லை. சேதி அன்றைக்கே பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

வயது நாற்பத்தொன்பது. மீசைக்குச் சாயம், கழுத்தில் மாலை, திறந்த கார், தோட்டமே கூடி நின்று வேடிக்கை. நினைத்தாலே காது சுட்டது. மற்ற டிரைவர்கள் இப்போதே அவரை 'புதுப் பையன்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

மழையை நம்பலாம் என்றால், ஒரு வாரமாக வெயில்.

அப்படித்தான் மருந்து ஞாபகம் வந்தது. துணிக்கூரையில் தண்ணீர் இறங்காமலிருக்க அடிக்கிற மருந்து. அடித்தபின் இருபத்து நாலு மணி நேரம் கூரையை மடிக்கக் கூடாது. மடித்தால் துணி பாழ். புட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. இன்று பதினொரு மணிக்கு அடித்தால், நாளைக் காலை ஒன்பது மணி ஊர்வலத்துக்குக் கூரை மூடித்தான் இருந்தாக வேண்டும். யார் மனமும் நோகாது.

சுபத்ரா காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். லோரியைக் குழாயால் பீய்ச்சிக் கழுவிவிட்டு, இதை மட்டும் பூப்போலப் பிரஷால் தேய்த்திருக்கிறாரே என்றாள். குளிப்பாட்டியாயிற்று, பவுடர் எப்போது போடுவீர்கள், கன்னத்தில் மை வைப்பீர்களா என்று விசாரித்தாள்.

சாமிநாதன் சிரிக்கவில்லை. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு மருந்தைப் பற்றிச் சொன்னார். இருபத்து நாலு மணி நேரத்தைப் பற்றி இரண்டு தடவை சொன்னார்.

அவளும் வருத்தமாகத்தான் கேட்டுக்கொண்டாள். பிறகு கார் கழுவிய வாளித் தண்ணீரில் கை விட்டு, முதலில் மருந்தடித்துக் காய்ந்திருந்த பக்கத்தில் நாலு சொட்டுத் தெளித்தாள்.

சேம்பிலையில் ஓடுவதுபோலத் தண்ணீர் உருண்டோடியிருக்க வேண்டும். உருளவில்லை. நின்றது. மெதுவாகத் துணிக்குள் இறங்கியது.

சாமிநாதன் புட்டியை உள்ளங்கையில் ஒருமுறை அடித்து முகர்ந்து பார்த்தார். வாசனையே இல்லை.

பச்சைத் தண்ணீர்.

ஈப்போவிலிருந்து புட்டியை வாங்கி வந்தது தர்மா. இரண்டு நாள் அது இருந்தது அவள் வீட்டில்.

சுபத்ரா கைப்பையிலிருந்து ஓர் ஊறுகாய் போத்தலை எடுத்து லோரிப் படியில் வைத்தாள். உள்ளே மருந்து.

"கீழ கொட்டலைங்க. திங்கக்கிழமை அடிச்சுக்கலாம் லா."

மாட்டிக்கொண்ட பிறகு மறைத்து என்ன பயன். இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது என்பதை அவர் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூடிய காரில் போனால் தாலி ஏறாதா என்றும் கேட்டார்.

அதற்கு ஒரு கேலி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பூந்தோட்டப் பக்கம் தர்மா ஒருமுறை ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. ஈரக் கூரையை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். இருபது வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் மணவறை வரை வந்து நின்றுபோனது அவருக்குத் தெரியும். எப்படி நின்றது என்று யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"அன்னிக்கு வந்த காரு மூடியிருந்துச்சு," என்றாள். "மண்டபத்து ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டிருந்தேன். மேளம் அடிச்சாங்க. கதவத் திறந்தாங்க. மாப்பிள்ளையோட மாமா மட்டும் இறங்கினாரு. அதுவரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டே நின்னிருக்கேன்."

சாமிநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கூரையைத் துடைக்க ஆரம்பித்தார். தையலோரமாக, ஒரு சொட்டு ஈரம் விடாமல், வெகுநேரம் துடைத்தார்.

துடைத்துக்கொண்டே, நாளைக்கும் கல்யாணம் நடக்கப்போகிற அந்த மண்டபத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் ரோட்டில் எதுவரை தெரியும் என்று கேட்டார்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை வளைவு வரைக்கும் என்றாள்.

அவர் துண்டைப் பிழிந்தார்.

"அங்கேருந்தே எழுந்து நின்னுக்கிட்டு வரேன்."