இரண்டு அணியும் ஆடாத சனிக்கிழமை

"அந்தச் சனிக்கிழமை முடியவே முடியாது சம்பந்தி. அன்னிக்கு எங்க காலேஜுக்கு மேட்ச் இருக்கு."

ராய்ஸ் கின்னமன் அப்பத்தின்மேல் மேப்பிள் பாகை ஊற்றியபடியே சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த வெர்லின் ஹாஸ்கெட் காலண்டரில் இன்னொரு தேதியை அடித்தார். இந்தியானாவின் அந்தச் சிற்றூர் ஓட்டலில் இருவரும் கல்யாணத்துக்கு நாள் பார்க்க உட்கார்ந்து, காபிக் கோப்பை மூன்று தடவை நிரம்பிக் காலியாகிவிட்டது.

பெண், வெர்லினின் ஒரே மகள் தெஸ்ஸா. மாப்பிள்ளை, ராய்ஸின் மகன் கார்சன். இலை சிவக்கும் அக்டோபரில்தான் கல்யாணம் வேண்டும் என்று தெஸ்ஸா சொல்லிவிட்டாள். அக்டோபர் சனிக்கிழமை என்றால் கல்லூரிக் கால்பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்த ஊரில் வேறு எப்படி இருக்கும்? மேட்ச் நாளில் கல்யாணம் வைத்தால், பாதிரியாரே காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டுதான் வருவார்.

வெர்லின் படித்த கிரேடன் கல்லூரி, கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் எந்தக் கூட்டணியிலும் சேராத சுயேச்சை. யாரோடு ஆடுவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். ராய்ஸ் படித்த மாரோ கல்லூரி பெரிய கூட்டணியில் இருந்தது. கூட்டணி யாரைக் கைகாட்டுகிறதோ அவர்களோடு ஆடி, நன்றாக உதை வாங்கி, கண்ணியமாகத் தோற்கும். யாருடைய எதிரிகள் பலசாலிகள் என்ற விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். பிள்ளைகள் வேறு அவரவர் அப்பாவின் கல்லூரி அணி அலுவலகத்திலேயே வேலை பார்த்தார்கள்.

"போன சீசன்ல பத்து மேட்ச் ஜெயிச்சோம்" என்றார் வெர்லின், சும்மா இருக்கமாட்டாமல்.

"யாரை? பல் டாக்டர் காலேஜையா? எங்க பேண்டு கோஷ்டியை அனுப்பியிருந்தாலே ஜெயிச்சிருக்கும்."

"நாங்களாவது ஜெயிச்சோம். நீங்க பெரிய ஆள்கிட்ட தோத்ததையே சர்டிபிகேட் மாதிரி கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறீங்க."

"தைரியம் இருந்தா எங்களோட ஆடிப் பாருங்க. சுயேச்சைதானே, யார் தடுக்கிறா?"

நிச்சயதார்த்த விருந்திலும் இதே பேச்சுதான். டி.வி.யில் கோட்டுப் போட்ட நிபுணர்கள் சொன்னதையெல்லாம் இரண்டு பேரும் ஒப்பித்ததில், வான்கோழி ஆறிப்போய், குழம்புக் கிண்ணம் உடைந்து, தெஸ்ஸா அழுதுகொண்டே எழுந்து போனாள். அதை நினைத்தால் வெர்லினுக்கு இப்போதும் வருத்தம்தான். மகளின் கையைப் பிடித்து, சர்ச் வாசலிலிருந்து பீடம்வரை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே, தள்ளிப்போட்டு வந்த முழங்கால் ஆபரேஷனை அவர் செய்துகொண்டார். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தினமும் வீட்டுக்குள் பழகிக்கொண்டிருந்தார். அந்த நடைக்கு ஒரு தேதி கிடைக்காமலே போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயமெல்லாம்.

அதனால் வாயைக் கட்டிக்கொண்டு மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். முதல் சனி கிரேடனுக்கு மேட்ச். அடுத்தது மாரோவுக்கு. அதற்கடுத்தது இரண்டுக்கும். கடைசிச் சனிக்கிழமையில் வந்து விரல் நின்றது. கிரேடனுக்கு அன்று எதிர்த்து ஆட அணி கிடைக்கவில்லை. மாரோவுக்கோ கூட்டணி ஓய்வு கொடுத்திருந்தது.

"கடவுள் இருக்கார் சம்பந்தி" என்று ராய்ஸ் கையை நீட்டினார். வெர்லின் எழுந்து அவரைக் கட்டியே பிடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்து பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். வெர்லின் உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"கடைசிச் சனிக்கிழமைதானேப்பா? அது எங்களுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு மணிக்குக் கல்யாணம். சர்ச்சுக்கும் சொல்லியாச்சு."

தங்களை இப்படிக் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்ள விட்டுவிட்டாளே என்று வெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்குப்பா. அன்னிக்கு கிரேடனுக்கும் மாரோவுக்கும் மேட்ச். அதுவும் ரெண்டு மணிக்குத்தான்."

அட்டவணையில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார் வெர்லின். அவள் நிதானமாக விளக்கினாள். கிரேடன் அணிக்கு அட்டவணை போடுவது அவள் வேலை. மாரோவுக்குப் போடுவது கார்சன். இரண்டு அணிக்கும் ஓய்வான ஒரே நாளாகப் பார்த்து, நேற்றுத்தான் இருவருமாகக் கல்லூரிகளிடம் பேசி, மைதானம்வரை முடிவு செய்து அந்த மேட்சை வைத்தார்களாம்.

"வேணும்னேதான் வெச்சோம்" என்றாள் தெஸ்ஸா. "என் கல்யாணத்துல யாரும் அழாம இருக்கணும்ப்பா. உங்க ரெண்டு பேருக்கும் மேட்ச் டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். எங்க போறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. சர்ச்சுக்கு வர்றதா இருந்தா மேட்ச் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்க வரலைன்னா அம்மா என்னைக் கூட்டிட்டு நடப்பாங்க."

போனை வைத்துவிட்டாள். வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. ராய்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ராய்ஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேட்ச் யாரோட மைதானத்துல சம்பந்தி?"

"உங்க மைதானத்துலதான்." வெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வெளியூர்ல ஜெயிச்சாத்தான் எங்களுக்கு மதிப்பு கூடும். மேட்சுக்கு விடியக்காலமே வந்துடறேன், என் வண்டிக்கும் பார்க்கிங்ல ஒரு இடம் பிடிச்சு வைங்க."