தள்ளிப்போன தரிப்பிடம்

டோர்செட் பார்க் குடியிருப்புப் பகுதியில் காலை வெயில் பனியில் பட்டுக் கண் கூசுகிறது. பஸ் விரைவாக ஓடவேண்டும் என்று, மாடிக்கட்டட வாசலில் இருந்த பஸ் தரிப்பிடத்தை எடுத்துவிடத் திட்டம் வரைந்தவள், போக்குவரத்து அலுவலகத்தில் வேலைசெய்யும் அட்சயா. அது எடுக்கப்பட்டபின் இன்றுதான் முதன்முறையாக அடுத்த தரிப்பிடத்தில் வந்து நிற்கிறாள். பஸ் வந்து கதவைத் திறக்கிறது. தூரத்தில், அந்த மாடிக்கட்டடப் பக்கமிருந்து ஒரு பெண், குழந்தைவண்டியின் சில்லுகள் பனிச்சேற்றில் புதைய, கையை ஆட்டிக்கொண்டே வருகிறாள். அட்சயா ஏறாமல் அவளிடம் ஓடுகிறாள். பஸ் போய்விடுகிறது. “பஸ் இப்ப கெதியா வருது அக்கா. எனக்குத்தான் கெதியா வரேலாமக் கிடக்கு,” என்று மூச்சு வாங்கச் சிரிக்கிறாள் அந்தப் பெண். குழந்தையின் மூக்கு குளிரில் சிவந்திருக்கிறது. “எனக்காக உங்கட பஸ்ஸையும் விட்டிட்டியள். எங்க வேலை செய்யிறியள்?” அட்சயா குனிந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறாள். “ஒரு ஒஃபிஸில,” என்கிறாள், நிமிராமலே.